நாற்பத்திரண்டு மூட்டையும் ஒரு குழியும்

வீட்டு ஹாலில் அடுக்கியிருக்கும் நாற்பத்திரண்டு மூட்டை வேப்பம்புண்ணாக்கை உயிருள்ளவரை எடுப்பதில்லை என்று நான் முடிவு செய்தேன். ஆண்பிள்ளை என்றால் ஏதாவது ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்க வேண்டும். எனக்கு வாய்த்தது வேப்பம்புண்ணாக்கு.

என் பெயர் இளையபெருமாள். பாபநாசம் மெயின் ரோட்டில் உரக்கடை வைத்திருக்கிறேன். கடைக் குடோனுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுவதால் சுவரில் எப்போதும் ஓதம். அதனால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், "ரெண்டு நாளைக்குத்தான்" என்று சொல்லி மூட்டைகளை வீட்டு ஹாலில் இறக்கினேன். பழைய மூட்டை போகும், புது மூட்டை வரும். இடம் மட்டும் மாறவில்லை. விருந்தாளிகள் மூட்டை மேல்தான் உட்கார வேண்டும். அந்த வாசனையில் பத்து நிமிஷத்துக்கு மேல் யாரும் தங்குவதில்லை. அதை நான் ஒரு குறையாக நினைத்ததே கிடையாது.

என் மனைவி செந்தாமரை நினைத்தாள். கல்யாணத்துக்கு முன்பு பத்து வருஷம் நடவு வேலைக்குப் போனவள். இப்போது முழங்காலை மடக்கி உட்கார முடியவில்லை. நீட்டினால் மூட்டை இடிக்கிறது.

"எனக்குக் கால் நீட்டி உக்கார ஒரு இடம் வேணுங்க. வேற எதுவும் கேக்கல."

"என் ரூம்ல வந்து உக்காரு. ஏ.சி. இருக்கு."

"ஏ.சி. காத்து பட்டா முட்டி இன்னும் பிடிச்சுக்குது. அதனாலதான நான் உள் ரூம்ல படுக்குறேன்."

"அப்ப அடுப்படியில நீட்டு."

"அடுப்ப எட்டி உதைக்கச் சொல்றீங்களா?"

"காய்ஞ்ச இடம் வேணும் செந்தாமரை. புண்ணாக்குக்கு ஓதம் ஆகாது. வீட்டுல காய்ஞ்ச இடம் எது சொல்லு."

பதினோரு வருஷமாக இந்த இடத்தில்தான் எங்கள் பேச்சு நிற்கும். நான் ஜெயித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு சாப்பிடப் போவேன்.

சித்திரையில் உரக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கொண்டுவந்தவர் கம்பெனி விற்பனை அதிகாரி பரணிதரன். நல்ல பையன், எதற்கெடுத்தாலும் வாழ்த்துச் சொல்லுவான். நன்றாக விற்ற டீலர்களைத் தம்பதியாகப் பாலித் தீவுக்கு நாலு நாள் கூட்டிப்போகிறார்களாம். மூன்றாம் நாள், கடலோரத்தில் ஒரு பாறை உச்சியில் இருக்கும் பெரிய கோல்ஃப் மைதானம். அங்கே வருகிற எல்லோருக்கும் ஒரு போட்டி. கடிதத்தோடு ஒரு போட்டோவும் இருந்தது. பச்சைப் புல், ஒரு குழி, ஒரு கொடி, கீழே நீலமாகக் கடல்.

"தனியா வந்தா பரவாயில்லையா தம்பி?" என்றேன்.

"தாராளமா வாங்க சார். தனியா வர்றவங்களுக்கு ரெண்டு பேருக்கு ஒரு ரூம். திருத்துறைப்பூண்டி ஹாஜா மைதீன் அண்ணனும் தனியாத்தான் வர்றாரு. உங்களுக்கு அவர் ரூம். வாழ்த்துகள் சார்."

ஹாஜா மைதீன் தங்கமான மனிதர். ஆனால் அவர் குறட்டை விட்டால் பக்கத்து லாட்ஜில் விளக்கைப் போடுவார்கள். போன வருஷம் திருச்சிக் கூட்டத்தில் நான் ராத்திரி முழுக்க வராந்தாவில் நின்றிருக்கிறேன். ஆகையால் செந்தாமரை வந்தே ஆக வேண்டும்.

"ஹாலைக் காலி பண்ணுங்க, வர்றேன்," என்றாள்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. இந்த மூட்டைப் பிரச்சினையை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று தோன்றியது.

"ஒரு பந்தயம் வெச்சுக்குவோம். அங்க கோல்ஃப் போட்டி இருக்கு. நீ ஜெயிச்சா மூட்டைய எடுத்துடறேன். நான் ஜெயிச்சா அதப் பத்தி நீ வாயே தொறக்கக் கூடாது."

"எனக்கு அந்த விளையாட்டே தெரியாதுங்களே."

"எனக்கு மட்டும் தெரியுமா? ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

பேச்சு மாறக்கூடாது என்பதற்காகக் காலண்டர் தாளின் பின்பக்கம் நானே பத்திரம் எழுதினேன். 'குறைந்த அடியில் பந்தைக் குழியில் இடுபவரே ஜெயித்தவர் ஆவார். செந்தாமரை ஜெயித்தால் ஹாலில் உள்ள மூட்டைகள் பதினைந்து நாளில் காலி செய்யப்பட வேண்டியது. இளையபெருமாள் ஜெயித்தால் ஹாலில் உள்ள மூட்டைகளைப் பற்றி செந்தாமரை ஆயுள் பரியந்தம் பேசக்கூடாது. மேற்படி ஷரத்துகளுக்கு இருவரும் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறோம்.' தாலுகா ஆபீசில் கொடுத்தால் முத்திரை குத்திவிடுவார்கள், அப்படி எழுதியிருந்தேன். அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

மறுநாளே பயிற்சியைத் தொடங்கினேன். செந்தாமரையிடம் வியாபாரிகள் சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டு, ஊர்க் கோடியில் இருக்கும் ரைஸ்மில் களத்துக்குப் போய்விடுவேன். சிமெண்டுக் களம். வைகாசி வெயிலில் அங்கே ஈ காக்கை கிடையாது. களத்தைக் கூட்டும் அமிர்தம் மட்டும் விளக்குமாற்றோடு ஓரமாக நின்று பார்ப்பாள். அவளை நான் ஒரு ஆளாகவே நினைக்கவில்லை.

கைப்பிடி வளைந்த குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வேன். இருபதடி தூரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து, தபாலில் வரவழைத்த கோல்ஃப் பந்தை அதற்குள் தட்டுவேன். செல்போனில் வெள்ளைக்காரர் ஒருவர் எப்படி நிற்பது, எங்கே மூச்சு விடுவது என்று சொல்லிக்கொடுத்தார். நாற்பது நாள் முடிவில் பத்துக்கு எட்டு டம்ளருக்குள் போனது. சங்கக் கூட்டத்துக்கு ஒரு மனிதன் தினமும் குடையோடு போவதைப் பற்றி செந்தாமரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவி என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும் நாள் அன்று செந்தாமரை வீட்டுச் சாவியை அமிர்தத்திடம் கொடுத்தாள்.

"எதுக்கு?" என்றேன்.

"செடிக்குத் தண்ணி ஊத்தணும்ல."

எங்கள் வீட்டில் ஒரு துளசிதான் இருக்கிறது. இருந்தாலும் நியாயமாகப் பட்டது.

பாலியில் முதல் நாள், வழிகாட்டி எங்களை மிகுந்த ஆசையோடு ஒரு இடத்துக்கு அழைத்துப்போனார். பஸ்ஸை விட்டு இறங்கினால் நெல் வயல். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருபத்தெட்டு டீலர்களும் வயலில் குனிந்து, இலைச்சுருட்டுப் புழு இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தது. எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

செந்தாமரை மட்டும் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேடு பள்ளம் தெரிஞ்சு வெட்டியிருக்காங்க," என்றாள்.

நான் காதில் வாங்கவில்லை. என் அப்பாவும் வயல் வேலைக்குப் போனவர்தான். ஆனால் நான் படித்து, கடை வைத்து, இருபத்தைந்து வருஷமாகச் சேற்றில் கால் வைக்காதவன். இதை நாலு பேர் நடுவில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அன்றைக்கும் பஸ்ஸில் சொன்னேன்.

மூன்றாம் நாள் கோல்ஃப் மைதானம். எங்கள் ஊரில் உயரமான இடம் குடிநீர்த் தொட்டி. அதில் நான் ஏறியதில்லை. இங்கே புல்வெளி போய்க்கொண்டே இருக்கிறது, திடீரென்று பூமி முடிந்துவிடுகிறது. பத்துப் பனை உயரத்துக்குக் கீழே கடல் பாறையில் மோதிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளங்கால் கூசியது. பரணிதரனின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவனும் வாழ்த்துச் சொல்ல மறந்திருந்தான். செந்தாமரை விளிம்புவரை போய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"நாகப்பட்டினத்துல கடல் நம்ம மட்டத்துக்கு இருக்கும். இங்க பள்ளத்துல கெடக்குது," என்றாள்.

அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் மைதானத்தைச் சுற்றிக் காட்டினாள். புல்லைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு மிகவும் தெரிந்த புல். அருகு. நம் ஊரில் அதைச் சாகடிக்க நான் மருந்து விற்கிறேன். இங்கே அதற்கு உரம் வைத்து, தண்ணீர் தெளித்து, கோட்டுப் போட்ட ஒருவர் தினமும் நலம் விசாரிக்கிறார்.

"வரப்புல நாங்க பறிச்சுப் போட்டதெல்லாம் இங்க அனுப்பியிருக்கலாம்," என்றாள் செந்தாமரை.

போட்டி ஆரம்பமானது. குழியைச் சுற்றியிருந்த புல்லைப் பாய் மாதிரி ஒட்ட வெட்டியிருந்தார்கள். பந்திலிருந்து குழிக்கு இருபதடி. என் களத்துத் தூரம் அதேதான். மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

எங்கள் இருவரில் நான் முதலில் போனேன். வெள்ளைக்காரர் சொன்னபடி நின்றேன், சொன்ன இடத்தில் மூச்சு விட்டேன், தட்டினேன். பந்து நூல் பிடித்தது போல் போனது. பாதி வழியில் நான், படம் பிடித்துக்கொண்டிருந்த பரணிதரனின் செல்போனைப் பார்த்துச் சிரித்தும் விட்டேன். அதற்குப் பிறகுதான் பந்து வலது பக்கம் திரும்பியது. திரும்பிப் போய்க்கொண்டே இருந்தது. அங்கிருந்து அடித்தேன். இடது பக்கம் போனது. ஐந்தாவது அடியில் புல்லை விட்டே வெளியேறியது. அந்தப் பெண் ஓடிப்போய் எடுத்து வந்தாள். ஒன்பதாவது அடியில் குழியில் விழுந்தது. ஹாஜா மைதீன் கைதட்டினார். அவருக்குப் பதினொன்று.

பிறகு செந்தாமரை வந்தாள்.

"தம்பி, செருப்பைக் கழட்டிக்கலாமான்னு அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க."

பரணிதரன் கேட்டான். அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம். செந்தாமரை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். குழியருகே போய் நின்றாள். பிறகு அங்கிருந்து பந்துவரைக்கும், தலையைக் குனிந்தபடி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்து வந்தாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நடவு வேலைக்குப் போனவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். நாற்று நடுகிறவர்கள் பின்னால்தான் நகர்வார்கள். கண் நட்ட நாற்றின் மேல் இருக்கும். அடுத்த அடி மேடா பள்ளமா என்று குதிகால்தான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வயல் பார்வைக்குத் தட்டையாக இருக்கும். அதில் விரற்கடை பள்ளம் இருந்தாலும் தண்ணீர் தேங்கி நாற்று அழுகிவிடும். இதெல்லாம் எனக்கும் தெரிந்த விஷயம்தான். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

மட்டையை வாங்கிக்கொண்டு கடல் பக்கமாகத் திரும்பி நின்றாள்.

"செந்தாமரை, குழி அந்தப் பக்கம் இருக்கு."

"தெரியுதுங்க."

மடையில் மண்ணைத் தட்டுகிற மாதிரி ஒரு தட்டு. பந்து கடலைப் பார்த்துப் போனது. வேகம் குறைந்தது. நிற்பது போல் நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, சரிந்து இறங்கி, குழிக்கு ஒரு சாண் தள்ளி வந்து உட்கார்ந்தது. இன்னொரு தட்டில் உள்ளே விழுந்தது.

இரண்டே அடி. கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. சொல்லத்தான் வேண்டும், எனக்கும் ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. உடனே மூட்டை ஞாபகம் வந்தது.

"எப்படி அடிச்ச?" என்றேன்.

"கடல் பக்கம் பள்ளம் மாதிரி கண்ணுக்குத் தெரியுது. கால்ல மேடு. தண்ணி எங்க ஓடுமோ பந்தும் அங்கதான ஓடும்?"

பாறை விளிம்பில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். செந்தாமரை அதில் உட்கார்ந்து இரண்டு காலையும் சுகமாக நீட்டிக்கொண்டாள். நான் விளிம்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் நாப்பது நாள் பழகியும் தோத்துட்டேனே," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"தெரியுங்க. அமிர்தம் தினம் வந்து சொல்லுவா."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"போட்டோவைப் பார்த்தேன். இந்தப் புல்லு ஒரே மேடு பள்ளம். மில்லுக் களம் பலகை மாதிரி மட்டம். அங்கயே நல்லாப் பழகட்டும்னு விட்டுட்டேன்."

பிறகு கடைசியாக ஒரு வழி பார்த்தேன்.

"சரி, பேச்சு பேச்சுதான். ஆனா பதினஞ்சு நாள்ல முடியுமான்னு தெரியல. குடோன்ல ஓதம். வேற இடம் பார்க்கணும். ஐப்பசி வரைக்கும் பொறு."

"வேணாங்க. நாம கிளம்பின அன்னைக்கே எடுத்தாச்சு. அமிர்தம் மில் ஆளுங்களக் கூட்டிட்டு வந்து நாப்பத்திரண்டையும் மாத்திட்டா."

"மாத்திட்டாளா? எங்க?"

"காய்ஞ்ச இடமா இருக்கணும்னு நீங்கதான சொல்லுவீங்க. வீட்டுல இருக்கறதுலயே காய்ஞ்ச இடம் உங்க ஏ.சி. ரூம்தான்."

எனக்குக் கடல் பக்கம் திரும்பக்கூடப் பயமில்லாமல் போய்விட்டது.

"போட்டி இன்னைக்குத்தான நடந்துச்சு. நீ தோத்திருந்தா?"

"தோத்திருந்தா ஹால்ல இருக்கற மூட்டையப் பத்திப் பேசக் கூடாது. பேச மாட்டேன். ஹால்லதான் மூட்டையே இல்லியே." இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, நாலாக மடித்த காலண்டர் தாளை என் கையில் கொடுத்தாள். "நீங்க எழுதினதுதான். படிச்சுப் பாருங்க."

படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஹால் விசாலமாக இருக்கிறது. வருகிற விருந்தாளிகள் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். என் அறைக் கதவைத் திறந்தால் மூட்டை, அதற்கு மேல் மூட்டை, அதற்கு மேல் ஏ.சி. புண்ணாக்கு இந்த வருஷம் கெட்டுப்போகவே இல்லை.

நான் ஹாலில்தான் படுக்கிறேன், செந்தாமரை கால் நீட்டியது போக மிச்சமிருக்கும் இடத்தில்.