நூற்றிருபது கிராம் கூழாங்கல்

ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். ஆறு பத்துக்குப் பால் வந்தது. ஆறரைக்கு எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினேன்: ‘வாசல் வேப்பமரத்தில் கட்டியுள்ள துணிகள் அனைத்தும் நாளை காலை ஏழு மணிக்கு அகற்றப்படும். செயலாளர்.’ செயலாளர் நான்தான். அந்தத் தாளுக்குக் காரணம் இரண்டாம் மாடித் தொட்டில் மாஸ்டர்.

எலிக்குப் பயப்படுகிறவர்கள் தாம்பரம் முழுக்க இருக்கிறார்கள். எலிக்கு முதுகு வலிக்குமோ என்று பயப்படுகிறவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டில் நான்கு ஹாம்ஸ்டர். உள்ளங்கையில் அடங்கும் வளர்ப்பு எலிகள். கூண்டின் தரையில் படுத்தால் சளி பிடிக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் கூண்டுக்குள் தொங்கும் தொட்டில் தைத்துப் போட்டார். துணி வாங்க வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரம் சந்தைக்குப் போவார். வாங்குவதற்கு முன் பல்குத்தும் குச்சியால் துணியைச் சுரண்டிப் பார்ப்பார். குச்சி நூலில் மாட்டினால் எலியின் நகமும் மாட்டும். நகம் மாட்டினால் கால் போச்சு. கடைக்காரர்கள் அவரைக் கண்டதும் நல்ல துணியை எடுத்து ஒளித்துவைப்பதாகக் கேள்வி.

ஒருநாள் லிப்டில் என் தலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“செக்ரட்டரி சார், அந்த மங்கி கேப்பு நல்ல சாஃப்டா இருக்கே.”

“மார்கழிப் பனி மாஸ்டர்.”

“மெட்ராஸ்ல ஏது சார் பனி? தந்தீங்கன்னா ரெண்டு பேர் தூங்குவாங்க.”

கொடுத்துவிட்டேன். இரண்டு பேர் தூங்கினார்கள். எனக்கு ஜலதோஷம்.

தொட்டிலைச் சோப்பில்லாமல் அலசுவார். வாசனை எலிக்கு ஆகாது. நான்கு மூலையையும் இழுத்துக் கட்டிக் காயவைத்தால்தான் தொய்யாது. பால்கனியில் புறாத் தொல்லை. ஆகவே வாசல் வேப்பமரம். தையல் தாங்குமா என்ற கவலை வேறு. பெரிய எலியின் எடை நூற்றிருபது கிராம் என்பதால், சமையலறைத் தராசில் அதே எடைக்கு நான்கு கூழாங்கற்களைத் தேடிப் பிடித்துத் தொட்டிலுக்கு ஒன்றாக வைத்தார்.

பிள்ளை வரம் கேட்பவர்கள் கோயில் மரத்தில் சின்னத் தொட்டில் கட்டி, உள்ளே கல்லை வைப்பது வழக்கம். அது மாஸ்டருக்குத் தோன்றவில்லை. தெருவுக்குத் தோன்றியது. ஜூலை முடிவதற்குள் மரத்தில் மஞ்சளும் குங்குமமும் ஏறிவிட்டன.

ஒரு காலை காவலாளி அவரை மறித்தான். “இன்னா சார், அம்மன் மரம்னு ஏரியாவுல பேராயிட்ச்சி. நீ கிளிப்பு மாட்டிக்கினு கீற?”

“அது என் துணிப்பா.”

“நாலு உன்னுது, ஒத்துக்கினேன். அந்தாண்ட ஒம்போது தொங்குதே, அது யாருது?”

மாஸ்டர் நேரே என்னிடம் வந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். “பாஸ்டர் கேட்டா என்ன சார் சொல்றது?” என்றார். எனக்கு வேறு பயம். இன்று தொட்டில், அப்புறம் உண்டியல், அடுத்த ஆடிக்குக் கூழும் ஒலிபெருக்கியும். காரை எங்கே நிறுத்துவது? அதனால்தான் அந்தத் தாள்.

தாளைப் படித்த மாஸ்டர் அன்று பள்ளிக்குப் போகவில்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு பெண் செவ்வாய்தோறும் மாலை ஆறுக்கு மரத்தை வேண்டிக்கொள்ள வருவார். தாம்பரத்துத் துணிக்கடையில் பில் போடுகிறவர். பச்சைச் சேலைத் துண்டில் அவர் கட்டிய தொட்டிலும் மரத்தில் இருந்தது.

“அவங்ககிட்ட நான் சொல்லியாகணும் சார். எலித் தொட்டிலைப் பார்த்து வேண்டிக்கிட்டிருக்காங்க. அடுத்த செவ்வா வந்து மரம் மொட்டையா நின்னா என்ன நினைப்பாங்க?”

“வேற மரம் பார்த்துப்பாங்க.”

“கல்லை எடை போட்டு வெச்சது நான் சார்.”

ஐந்தே முக்காலுக்கே மரத்தடியில் நின்றோம். அவர் சட்டை முழுக்க வியர்வை. அந்தப் பெண் அழுதுவிட்டால் கொடுக்க நான் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தேன். ஆறு மூன்றுக்கு வந்தார்.

“மேடம், ஒரு நிமிஷம். இந்த நாலும் வேண்டுதல் இல்ல. எங்க வீட்டு எலிக்குத் தைச்சது.”

“எலிக்கா?”

“ஹாம்ஸ்டர். தாங்குதான்னு பார்க்கத்தான் கல்லு. காயறதுக்குத்தான் மரம். உங்களை ஏமாத்தணும்னு இல்ல. மன்னிச்சிடுங்க.”

அந்தப் பெண் மரத்தைப் பார்த்தார். என் கடிகாரப்படி பன்னிரண்டு விநாடி. நான் பாட்டில் மூடியைத் திறந்துவிட்டேன்.

“அந்த எலி குட்டி போட்டுச்சா சார்?”

மாஸ்டருக்குப் பொய் வராது. “போன மாசம். ஏழு.”

“எல்லாம் நல்லா இருக்கா?”

“ஏழும் நல்லா இருக்கு.”

“அப்புறம் என்ன சார்? எனக்கு ஒண்ணு போதும்.”

தன் பச்சைத் தொட்டிலின் முடிச்சை இறுக்கிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தார்.

மாஸ்டர் நெடுநேரம் அந்தத் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் புதிதாக ஒரு கவலை.

“ஓரம் மடிச்சுத் தைக்கல சார். ஒரு மழை தாங்காது.”

“கழட்டித் தைச்சுக் கட்டிடுங்களேன்.”

“அவங்க கட்டினது சார். நாம அவுக்கலாமா?”

மறுநாள் புதன். ஐந்தரைக்கு எழுந்து மோட்டார் போடக் கீழே போனேன். மரத்தடியில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, கட்டிய தொட்டிலைக் கட்டியபடியே வைத்து ஓரம் தைத்துக்கொண்டிருந்தார் மாஸ்டர். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. மோட்டாரும் பலகையிலிருந்த தாளும் அப்புறம் ஆகட்டும் என்று, இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.