ஷாப் ஃபெல் ஏற்றத்தில் இரு எண்சக்கரத் தேர்கள்

வாழ்க செட்ரிக் ஓகிள்தார்ப்! எண்சக்கரத் தேரோன், கரும்புகைக் கொடியோன், கெண்டல் நகர்ப் பழைய லாரிச் சங்கத்தின் அசைக்கவொண்ணாப் பொருளாளன், முழங்கால் வலியையும் மூத்த மருமகனையும் ஒரே பொறுமையோடு தாங்குவோன், நீடு வாழ்க! கூழாங்கல் நிகர்த்த வழுக்கையும், கட்டுக்கயிறு முறுக்கி முறுக்கி உரமேறிய முன்கையும், குளிர்காலக் காகத்தின் குரலும் ஒருங்கே வாய்த்த அப்பெருமகன், ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், ஷாப் ஃபெல் என்னும் மொட்டைமலையின் நெடிய ஏற்றத்தில், தனக்கு முன்னே சென்ற லாரி ஒன்றை முந்தப் புகுந்த பெருஞ்செயலை நான் உரைக்கின்றேன். டீசல் மணமே, என் நாவில் வந்து அமர்க! எண்ணெய் ஊறிய தார்ப்பாயே, என் சொற்கள் நனையாதபடி போர்த்திக் காத்தருள்க!

மோட்டார்வே என்னும் அகன்ற விரைவுச்சாலை பிறவாத பழைய யுகத்தில், வடக்கே செல்லும் சரக்கெல்லாம் எங்கள் மலைமீதுதான் ஏறிச் சென்றன. இரும்புத் தகடும் கம்பளி மூட்டையும் பிஸ்கட் பெட்டியும் சுமந்து, மனிதன் நடக்கும் வேகத்தில் முக்கி முனகி ஏறிய அந்த லாரிகளின் சாரதியரோ சாமானியர் அல்லர். உறைபனியில் டீசல் கட்டிபட்டுப்போனால், தொட்டிக்கு அடியிலேயே எண்ணெய்த் துணியைக் கொளுத்திக் காய்ச்சும் துணிவுடையோர். நனைந்த தார்ப்பாயைத் தனியொருவராய் இழுத்துப் போர்த்தி, நகக்கண் வெடிக்கக் கயிறு கட்டியோர். கால் நுனிகள் மரக்கட்டையாகி, எஞ்சின் பக்கத்து முழங்கால் மட்டும் வெந்துபோக ஓட்டியோர். இன்று அவர்களில் எஞ்சியோர் ஆண்டுக்கொரு முறை தத்தம் பழைய லாரிகளுக்குச் சாயம் பூசி, பித்தளை துலக்கி, பாரமில்லாத லாரி லாரியே அன்று என்பதால் மணல் மூட்டைகளும் கல்பலகைகளும் ஏற்றிக்கொண்டு, கெண்டலில் காலை உணவருந்தி, மலையுச்சித் திடலில் கூடுவர். கூடியதும் பழங்கதை பேசுவர். அக்கதைகளுள் தலையாயது செட்ரிக்கின் கதை.

அறுபத்து மூன்றாம் ஆண்டின் பெரும்பனிக் காலத்தில், மீசை சரியாக அரும்பாத செட்ரிக், இம்மலையில் எவராலும் முந்தப்படாத ஈனாக் சாட்டர்த்வெய்ட் என்னும் லாரி வேந்தனை, கண் மறைக்கும் பனிப்புயலின் நடுவே முந்திச் சென்றான் என்பதே அக்கதை. ஒவ்வோர் ஆண்டும் சொல்லச் சொல்ல அதில் பனி ஓர் அடி உயர்ந்தது. பாரம் ஒரு டன் கூடியது. ஈனாக்கோ தன் கடைசி மூச்சுவரை வேறொன்று சொல்லி வந்தார்: பையன் அவசரமாக வந்தான், பரிதாபப்பட்டு நானே ஒதுங்கி நின்று வழிவிட்டேன் என்று. அவர் மறைந்தபின் அவருடைய பச்சைநிற அட்கின்சன் லாரியும், அந்தச் சொல்லும், ஒரே மகள் மேவிஸுக்கு வந்து சேர்ந்தன. மகளும் லாரி ஓட்டியே பிழைத்தவள். தோள் அகன்றவள், வாய் அதனினும் அகன்றவள்.

அன்று காலை, பன்றி இறைச்சி வைத்த ரொட்டிகளை ஊரே மென்றுகொண்டிருந்த வேளையில், மேவிஸ் தன் தேநீர்க் குவளையை மேசைமேல் ஓங்கி வைத்துச் சூளுரைத்தாள்.

"யோவ் செட்ரிக்! எங்கப்பா வழிவிட்டதாலதான் நீ போன. இன்னிக்கு அதே லாரியில நான் வர்றேன், வழிவிட மாட்டேன். முடிஞ்சா முந்திப் பாரு. முந்திட்டா, நீ சொல்றதுதான் சரித்திரம். முடியலன்னா, இனிமே அந்தக் கதைக்கு நீ வாயே திறக்கக் கூடாது."

மெல்லும் ஒலி நின்றது. ரொட்டியில் ஊற்றிய பழுப்புச் சாறு தாடையில் வழிய எழுந்தான் செட்ரிக்.

"வர்றேன் பொண்ணே! உங்கப்பன் தின்ன என் வண்டிப் புகையில உனக்கும் ஒரு பங்கு வெச்சிருக்கேன்!"

அவன் மனைவி ஹில்டா மட்டும் ஆரவாரத்தில் கலந்துகொள்ளாமல், பின்னல் ஊசிகளைப் பையில் திணித்தபடி சொன்னாள்: "அந்தக் கதையும் போயிடுச்சுன்னா வீட்டுல நீ என்னத்தப் பேசுவ செட்ரிக்?"

அவள் கவலைக்குக் காரணம் உண்டு. அந்தப் பனிக்காலத்தில் மலையுச்சியிலிருந்த சாரதியர் உணவு விடுதியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நங்கை அவள்தான். "ஈனாக்கை முந்திட்டேன்!" என்று கூவிக்கொண்டே உள்ளே பாய்ந்த இளைஞனை அவள் முதன்முதலாகக் கண்டதும் அன்றுதான். ஆகவே அந்தக் கதை ஓகிள்தார்ப் இல்லத்தின் அடித்தளக் கல். அதை உருவினால் மேலே எது நிற்கும், எது சாயும் என்று யார் அறிவார்?

புறப்பட்டன தேர்கள். முன்னே மேவிஸின் அட்கின்சன், யானைக் கூட்டத்தின் தலைவி போல் அசைந்தசைந்து சென்றது. பின்னே, துருப்பிடித்த எலும்புக்கூடாய்க் கிடந்ததை வாங்கிப் பல்லாண்டு பாடுபட்டு உயிர்ப்பித்த செட்ரிக்கின் சிவப்பு ஃபோடன் லாரி உறுமிற்று. ஏற்றம் தொடங்கியதும் இரண்டும் இறங்கி இறங்கி மிகத் தாழ்ந்த கியருக்கு வந்தன. வேகம் குன்றியது, வீரம் குன்றவில்லை. ஏறுவோர்க்கென்று சாலையில் இரண்டாவது தடம் விரியும் இடம் வந்ததும், செட்ரிக் நெஞ்சு விம்ம, நரம்பு புடைக்க, ஸ்டியரிங் சக்கரத்தை இரு கையாலும் பற்றி வலப்புறம் ஒடித்து, பகைவர் கோட்டைமேல் பாயும் வேழம் போல, ஊர்ந்தான்.

ஆம், ஊர்ந்தான். முதலில் மேவிஸ் லாரியின் பின்விளக்கை எட்டினான். பக்கத்துக் குன்றில் மேய்ந்த செம்மறி ஒன்று தலை தூக்கிப் பார்த்தது. பார்த்து, மென்று, விழுங்கி, வேறு புல்லுக்கு நகர்ந்தது. அப்போதும் அவன் கடைசிச் சக்கரத்தைத் தாண்டியிருக்கவில்லை. சக்கரம் சக்கரமாக, ஆணி ஆணியாக முன்னேறி, முடிவில் முகமும் முகமும் ஒரே வரிசையில் நிற்க, இரு மதயானைகள் கொம்போடு கொம்பு கோத்தாற்போல் இரண்டு லாரிகளும் அருகருகே ஏறலாயின. பின்னே கார்களும் அவை இழுத்துவந்த கூண்டு வண்டிகளும் ரொட்டி வேனும் வால் போல நீண்டு பள்ளத்தாக்கு வரை தொங்கின.

"இந்நேரத்துக்கு ரெண்டு பேரும் கல்யாணமே பண்ணிக்கிட்டிருக்கலாம்யா!" என்று ரொட்டி வேன்காரன் கத்தினான்.

செட்ரிக் வலப்புறம் அமர்ந்து ஓட்ட, இடப்புற இருக்கையில் இருந்த ஹில்டாவுக்கும் மேவிஸுக்கும் நடுவே ஒரு கை நீளமே இடைவெளி. ஹில்டா கண்ணாடியை இறக்கினாள். எஞ்சின்களின் முழக்கத்துக்கு மேலே குரல் உயர்த்தினாள்.

"மேவிஸ்! முட்டி ஆபரேஷன் எப்படிப் போச்சு?"

"நல்லாப் போச்சு ஹில்டா! கிளட்ச் மிதிச்சா மட்டும்தான் வலிக்குது!"

"இஞ்சிக் கேக் பண்ணினேன், ஒரு துண்டு இந்தா!"

போர்க்களத்தின் நடுவே, இரு தேர்களுக்கு இடையே, தாளில் சுற்றிய இஞ்சிக் கேக் கை மாறியது. செட்ரிக் கொதித்தான்.

"எதிரிக்குத் தீனி போடுறியா ஹில்டா!"

"நீ ரோட்டப் பாரு."

பார்த்தான். தூரத்தில், தடம் முடிகிறது என்று அறிவிக்கும் பலகை, எமனின் ஓலை போல் நின்றது. அதற்குள் முந்தியாக வேண்டும். மிதியை அடிமட்டம் வரை மிதித்தான். ஃபோடனின் மூக்கு ஒரு சாண் முன்னே சென்றது.

"எங்கப்பா வழிவிட்டாரு! மனசு இருந்துச்சு அவருக்கு, வழிவிட்டாரு!" என்று வாயில் கேக்கோடு முழங்கினாள் மேவிஸ்.

"உங்கப்பன் தோத்தான்! தோத்துட்டுச் சாகிற வரைக்கும் புளுகினான்!"

சொல்லக் கூடாத சொல் அது. மேவிஸின் முகம் சிவந்து, பின் வெளுத்தது. மெல்லுவதை நிறுத்தினாள். எதிரே சாலையைப் பார்த்தாள், கண்கள் நிரம்பிவிட்டன. செட்ரிக் அதைக் கண்டான். ஆனால் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

ஹில்டா கம்பளிப் பின்னலை மடியில் வைத்தாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க. ஈனாக் வழியும் விடல, செட்ரிக், நீ முந்தவும் இல்ல. அவரு பல்செட்டைத் தேடிக்கிட்டிருந்தாரு."



"என்னது?" என்றனர் இருவரும் ஒருங்கே.

"ஜன்னல் வழியாத் தலைய நீட்டித் தும்மியிருக்காரு. மேல் பல்லு போயிப் பனியில விழுந்துடுச்சு. வண்டிய ஓரம் கட்டிட்டுக் குனிஞ்சு தோண்டிக்கிட்டிருந்தப்போ, எவனோ ஒருத்தன் ஹாரன் அடிச்சுக்கிட்டே போனான்னாரு. அது நீதான். உனக்கப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு உள்ள வந்து, வாயப் பொத்திக்கிட்டு சூப் கேட்டாரு. யார்கிட்டயும் சொல்லிடாத கண்ணுன்னு கெஞ்சினாரு. சரின்னுட்டேன்."

"வண்டி நின்னுக்கிட்டா இருந்துச்சு?" ஈனக்குரலில் கேட்டான் மாவீரன். "கொஞ்சம்கூட நகரலயா?"

"நகரல."

"நாப்பது வருஷமா என்கிட்ட சொல்லலியே!"

"மூஞ்சி பூரா பனி, அதுக்குள்ள ஒரு சிரிப்பு. அப்படி வந்து நின்ன. எப்படிச் சொல்றது?"

அப்போது இடியென வெடித்தது ஒரு சிரிப்பு. "கஞ்சி!" என்று அலறினாள் மேவிஸ். "அந்தக் குளிர் முடியிற வரைக்கும் வெறும் கஞ்சிதான் குடிச்சாரு! வயித்துல புண்ணுன்னு எங்கம்மாவ ஏமாத்திக்கிட்டு! ஐயோ அப்பா!" என்று ஸ்டியரிங் சக்கரத்தின்மேல் கவிழ்ந்தாள். கன்னத்தில் வழிந்த கண்ணீர் துயரத்ததா களிப்பினதா என்று பிரிக்க இயலவில்லை. கால் மிதியிலிருந்து நழுவ, அட்கின்சன் ஓய்ந்தது, பின்தங்கியது.

திறந்தது வழி! தடம் இன்னும் மிச்சமிருந்தது. நாற்பதாண்டு வேட்கை, வெறுஞ்சாலையாய் அவன்முன் விரிந்து கிடந்தது. செட்ரிக் பக்கக் கண்ணாடியில் பார்த்தான். அங்கே ஒருத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்பா அப்பா என்று சிரித்துக்கொண்டிருந்தாள். மிதியிலிருந்து காலை எடுத்தான்.

"நின்ன லாரிய ஒரு தடவ முந்தினதே போதும்" என்றான். ஜன்னல் வழியே கை நீட்டி, மலையதிர அறைகூவினான்: "போ பொண்ணே! நீ முன்னால போ! உங்கப்பனப் பத்திச் சொன்னது தப்பு!"

"நீ போயா! ஜெயிச்சவன் நீதான்!"

"நீ போ!"

"நீ போ!"

இவ்வண்ணம் முந்துவதற்கு மூண்ட போர் பிந்துவதற்கு மூண்ட பெரும்போராகி, இரு தேர்களும் ஒன்றையொன்று வணங்கிக்கொண்டே இரு தடங்களையும் அடைத்து நின்றுவிட, பள்ளத்தாக்கு முழுதும் ஹாரன் ஒலி கடலெனப் பொங்கிற்று. ரொட்டி வேன்காரன் சொன்னதை அச்சிலேற்ற இயலாது. இறுதியில் ஹில்டா உடலைப் பாதி வெளியே நீட்டி ஆணையிட்டாள்: "மேவிஸ், நீ கிளம்பு. இவன் பின்னால வருவான்."

மேவிஸ் கிளம்பினாள். இவன் பின்னால் சென்றான். பிறகு, சாலையைப் பார்த்தபடியே கேட்டான்.

"நான் ஜெயிக்கலன்னு உனக்கு அன்னிக்கே தெரியும். அப்புறம் எதுக்கு என்னக் கட்டிக்கிட்ட?"

ஹில்டா ஊசிகளை எடுத்தாள். "வர்றவன்லாம் கதவத் திறந்து போட்டுட்டுப் பனிய உள்ள விடுவானுங்க. நீ மட்டும்தான் திரும்பிப் போய்ச் சாத்திட்டு வந்து கத்தின."

தாழ்ந்த கியரில் முனகிய ஃபோடனின் சத்தத்தோடு, செட்ரிக்கின் காகக் குரலில் ஏதோ ஒரு மெட்டு சேர்ந்துகொண்டது.

இவ்வாறு, தோல்வியில் புகழும் புகழில் தோல்வியும் கண்ட அச்சிவப்புத் தேரோன், கொடிகள் படபடக்க, கொம்புகள் முழங்க, கூடிநின்ற சங்கத்தாரெல்லாம் முந்தியவர் எவர், முந்தப்பட்டவர் எவர் என்று கழுத்து நீட்டிக் காத்திருக்க, மலையுச்சித் திடலில் தேரை நிறுத்தி, கதவைத் திறந்து, வலிக்கும் முழங்காலோடு பாதங்களை ஒன்றன்பின் ஒன்றாய் மண்மேல் ஊன்றி, வலக்கை உயர்த்தி, ஆரவாரம் அடங்கும்வரை நின்று, மூச்சை உள்ளிழுத்து, வாய் திறந்தான்.

செட்ரிக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.