லோதி ரோட்டில் ஒரு சென்ட்ரல் ஏ.சி.

லோதி ரோட்டு அரசாங்கக் குடியிருப்பில் வீடு முழுவதற்கும் முதன்முதலாக சென்ட்ரல் ஏ.சி. போட்டவன் நான்தான். யார் கேட்டாலும் இதைச் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். (என் மனைவி அதைத் 'தகர டப்பா' என்பாள். அவள் அப்போது இந்த வீட்டுக்கு வந்திருக்கவில்லை என்பதால் அவள் சாட்சியம் செல்லாது.)

எண்பதுகளின் தொடக்கம். அப்பா காலமாகி, குவார்ட்டர்ஸ் என் பெயருக்கு மாறியிருந்தது. வீட்டில் அம்மா, நான், தங்கை கோமதி. நான் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் அசிஸ்டென்ட். கோமதி இன்னொரு அலுவலகத்தில் ஸ்டெனோ. ராப்பகலாகச் சுருக்கெழுத்துப் பழகிப் பரீட்சை எழுதி அவளே வாங்கிய வேலை அது. ஜுரம் வந்தாலும் லீவு போடமாட்டாள். கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் வைத்தது ஒரே நிபந்தனைதான்.

"நகை நட்டு எதுவும் நான் கேக்கல அண்ணே. வேலைய மட்டும் விடமாட்டேன். அதக் கேட்டுட்டு வரச் சொல்லுங்க."

அந்த வருஷம் கோடை தொடங்கும்போதே அப்பா வாங்கிய கூலரின் அடித்தகடு துருப்பிடித்துக் கழன்று விழுந்தது. டெல்லிக் கோடையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கூலர் என்பது சுற்றிலும் புல்தட்டி வைத்த ஒரு தகரப்பெட்டி. தட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நடுவில் இருக்கும் பெரிய ஃபேன் அந்த ஈரக்காற்றை வீட்டுக்குள் தள்ளும். அதே மாதிரி இன்னொன்று வாங்கு என்றாள் அம்மா. சின்னதாக இரண்டு வாங்கலாம் என்றாள் கோமதி. நிஜமான ஏ.சி.யை எங்கள் சம்பளமும் தாங்காது, வீட்டு ஒயரும் தாங்காது.

ஆனால் என் மனசில் வேறொரு திட்டம் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் பெரிய அதிகாரிகளின் மாடிக்கு மட்டும் சென்ட்ரல் ஏ.சி. உண்டு. ஃபைல் கொடுக்கப் போகிற சாக்கில் அங்கே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். மெஷின் எங்கேயோ இருக்கிறது. குளிர் மட்டும் கூரையிலிருந்து சத்தமில்லாமல் இறங்குகிறது! மனுஷன் வாழ்ந்தால் இப்படியல்லவா வாழவேண்டும் என்று தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நூல் பிடித்து வீட்டை அளப்பதைப் பார்த்து அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏல, கூலர் வாங்கச் சொன்னா என்னத்துக்கு செவரப் போட்டு அளந்துட்டு இருக்க?"

"இனிமே ரூமுக்கு ஒரு கூலர்ங்கிற பேச்சே கெடையாதும்மா. வீட்டுக்கே ஒண்ணு. சென்ட்ரல்!"

கோட்லாவில் ஒரு தகரக்கடை சர்தார்ஜியிடம் படம் போட்டுக் காட்டினேன். "இப்படி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை, பாபுஜி" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. (அவர் பாராட்டவில்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது.)

பத்து நாளில் எங்கள் பால்கனியில் பீரோ உயரத்துக்கு ஒரு கூலர் வந்து நின்றது. அதிலிருந்து அகலமான தகரக்குழாய் ஒன்று கிளம்பி, நடைபாதையின் கூரையை ஒட்டியபடி வந்து, ஹாலில் ஒரு வாயும் பின்னறையில் ஒரு வாயுமாகத் திறந்தது. பார்க்க ராட்சச நாதஸ்வரம் மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சில பேர் இரண்டு தடவை வந்தார்கள்.

ஏ.சி. என்றால் கதவு ஜன்னல் மூடியிருக்க வேண்டும் அல்லவா? மைதா பசை காய்ச்சி ஜன்னல் இடுக்கு, வென்டிலேட்டர் எல்லாவற்றிலும் செய்தித்தாள் ஒட்டினேன். வாசல் கதவில், 'குளிர்சாதன வசதி உள்ளது, கதவை மூடவும்' என்று மூன்று மொழிகளில் எழுதி மாட்டினேன். சீலிங் ஃபேனை யாரும் போடக்கூடாது என்று உத்தரவு. அதிகாரிகள் மாடியில் ஃபேன் சுற்றுகிறதா என்ன?

கூலர் ஓடும்போது எதிர்ப்பக்கத்து ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் வெளியே போகாது என்பது டெல்லியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆண்ட்டி, "பையா, கிட்கி கோலோ" என்று ஜன்னலைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். பாவம், சென்ட்ரல் ஏ.சி. பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டு சிரித்தேன்.

மறுநாளே கோமதியைப் பெண் பார்க்க வந்தார்கள். சரோஜினி நகர்க் குடும்பம், எங்களைப் போலத் திருநெல்வேலிக்காரர்கள். மாப்பிள்ளை கணபதி, ஜூனியர் இன்ஜினியர். கூட அவருடைய அப்பாவும் அம்மாவும். பெண் வேலைக்குப் போவதில் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று தரகர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார்.

வந்தவர்களுக்குப் பெண்ணைக் காட்டுவதற்கு முன்னால் ஏ.சி.யைக் காட்டினேன். சுவிட்சைத் தட்டினேன். குழாய் 'ஹோ'வென்று இரைந்தது. கால் மணி நேரத்தில் ஹால் இட்லிக் கொப்பரை ஆகிவிட்டது. தட்டில் வைத்த முறுக்கு நமுத்து வளைந்தது. கணபதியின் அப்பா நெற்றியில் இட்டிருந்த திருநீறு குழைந்து மூக்குவரை இறங்கி வந்தது.

கணபதியின் அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, அந்த சன்னலக் கொஞ்சம் தொறக்கப்படாதா?"

"ஐயோ அத்தை, குளுரு வெளிய போயிருமே!"

"அது இருந்தால்லா போறதுக்கு?" என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. கூலரின் இரைச்சல் நின்று வீடே அமைதியாகிவிட்டது. நான் விசிறி தேடிப் பின்னறைக்கு ஓடினேன். அங்கே கோமதி பட்டுப்புடவையில் தொப்பலாக நனைந்து நின்றிருந்தாள். அம்மா அவள் முகத்துக்கு மூன்றாவது தடவையாகப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது கூரையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பொண்ணு வேலையப் பத்தி இப்ப வாயத் தொறக்காதீங்க. நிச்சயம் முடியட்டும். பொறவு வேலைய விடச் சொல்லிக்கிடலாம்."

அம்மா அசரீரி என்று நினைத்துக் கைகூப்பிவிட்டாள். எனக்குப் புரிந்துபோயிற்று. அது ஹாலில் கணபதியின் அம்மா தன் வீட்டுக்காரரிடம் கிசுகிசுத்தது. என் தகரக்குழாய் ஒரு எழுத்துகூடச் சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்திருந்தது. கோமதியைப் பார்த்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவள் அழுதுகொண்டு நிற்கிற ரகம் இல்லை.

"வேலைய விடச் சொல்லுத வீட்டுக்கு நான் போகமாட்டேன். முறுக்கத் தின்னுட்டுக் கெளம்பச் சொல்லுங்க அண்ணே!"

கொண்டுவந்த குழாய் கொண்டுபோகாதா? ஹாலில் டம்ளர் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. "ஏய், மேலேருந்து பேசுதுட்டீ!" என்று கணபதியின் அப்பா அலறியதும் கேட்டது.

"ஏல, அத அடையில மொதல்ல!" என்று அம்மா ஒரு தலையணையைத் தூக்கி என் மேல் எறிந்தாள். நான் ஸ்டூலில் ஏறி, தலையணையைக் குழாய்க்குள் திணிக்கப் போனேன். அதற்குள் ஹாலில் நாற்காலி இழுபடும் ஓசை. அடுத்து மிகக் கிட்டத்தில், காதோடு பேசுவதுபோல ஒரு குரல்.

"கோமதி, நான் கணபதி பேசுதேன். அம்மா அப்படி நெனச்சிருக்கது எனக்குத் தெரியாது. நீங்க வேலைய விட வேண்டாம்."

கோமதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எறங்குங்க அண்ணே" என்றாள். தலையணையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே ஸ்டூலில் ஏறினாள்.

"நாளைக்கு ஒங்கம்மா சொன்னாவன்னு மாத்திப் பேசமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"அவியள வச்சிக்கிட்டுத்தான் சொல்லுதேன். இங்கனதான் நிக்காவ."

"ஏல கணபதி, கீழ எறங்குல!" என்று தூரத்தில் அவர் அம்மாவின் குரல் கேட்டது.

"சில நாள் நான் வீட்டுக்கு வர எட்டு மணி ஆயிரும்" என்றாள் கோமதி.

"ஆகட்டும். எனக்குத் தோசை சுடத் தெரியும்."

"நெசமாவா?"

"வட்டமா வராது."

கோமதி சிரித்துவிட்டாள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வதென்பது நடக்காத காரியம். என் தங்கை ஸ்டூல் மேல் நின்று ஒரு தகரக்குழாய்க்குள் தலையை விட்டுத் தன் வாழ்க்கையைப் பேசி முடித்துக்கொண்டாள். நான் அவள் எறிந்த தலையணையைப் பொறுக்கிக்கொண்டு கீழே நின்றேன்.

அப்போது கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றிய வேகத்தில், குழாயில் சேர்ந்திருந்த தண்ணீரும் கோட்லாத் தூசியும் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பீச்சியடித்தன. கோமதியின் பவுடர் சேறாகிவிட்டது. ஹாலுக்கு ஓடிப் பார்த்தால் கணபதியும் அதே கோலத்தில் நாற்காலி மேல் நின்றிருந்தார். இறங்கிவந்து, என்னைக் கேட்காமலே, நான் ஒட்டியிருந்த காகிதத்தை ஒரே இழுப்பில் கிழித்து ஜன்னலைத் திறந்தார். அப்போதுதான் ஹாலில் குளிர்ந்த காற்று வீசியது. கணபதியின் அம்மா முதல் தடவையாக முறுக்கை எடுத்துக் கடித்தார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது குசுகுசுவென்று பேசினால், "மேல பாத்துப் பேசு!" என்று குழந்தைகள்கூடக் கேலி செய்யும். செய்யட்டுமே. ஊரில் எல்லோர் வீட்டுக் கூலரும் காற்றைத்தான் கொண்டுவந்தது. என்னுடையது மாப்பிள்ளையைக் கொண்டுவந்தது.

கோமதி அதே இலாகாவில் படிப்படியாக உயர்ந்து அதிகாரியாகி ஓய்வு பெற்றாள். கடைசி நாள் மாலையும் கழுத்துமாக அவள் வீடு திரும்பியபோது நாங்கள் எல்லோரும் அங்கே கூடியிருந்தோம். கணபதி அடுக்களையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். (இன்னும் வட்டமாக வரவில்லை.) தொண்ணூறைத் தொட்டுவிட்ட அவர் அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். என்னைக் கிட்டத்தில் கூப்பிட்டு, பொக்கை வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்:

"பாத்தியா, கடைசில வேலைய விட வச்சிட்டேம்லா!"