அந்த ஒரு ஓட்டு

இந்த வாரத்தில் எதிர்க்கட்சியிலிருந்து வந்த நான்காவது கடிதம் அது. "நம் கட்சி உறுப்பினர் இல்லத்துக்கு" என்று மேலே அச்சடித்திருந்தது.

எமெரி டில்டன் அதை விறகு அடுப்பில் போட்டுவிட்டு மனைவியை முறைத்தார். லெட்டி பான்கேக்கில் மேப்பிள் பாகு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உறுப்பினரா இல்லாட்டி இப்படி எழுத மாட்டாங்க, லெட்டி."

"அப்ப நீங்கதான் சேர்ந்திருப்பீங்க."

"பேச்ச மாத்தாத."

இன்று நியூ ஹாம்ப்ஷயரில் ஒவ்வொரு கட்சிக்கும் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் நாள். செனட்டர் ஹாலோவெல்லுக்காக மூன்று மாதம் பனியில் பிரசாரப் பலகை பிடித்தவர் எமெரி. போன தடவை இதே தேர்வில் ஹாலோவெல் இந்த ஊரில் சொந்தக் கட்சிப் போட்டியாளரிடம் ஒரே ஓட்டில் தோற்றார். அந்த ஒரு ஓட்டைப் போடாத துரோகி யார் என்று நாலு வருஷமாக ஊரையே துளைத்தெடுத்தவரும் இவர்தான். இப்போது சந்தேகம் சொந்த அடுக்களைக்கே வந்துவிட்டது.

அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடவே கிளம்பினார். எதை ஒளித்து வைத்திருக்கிறாளோ என்று அவள் கைப்பையைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் கார் பனிக்குவியலில் ஏறி நின்றது. தள்ளிவிட வந்தவர்கள் ஹாலோவெல் ஆட்கள்.

"பொண்டாட்டிக்குக் காவலா?" என்றான் ஒருவன். எமெரிக்குச் சுருக்கென்றது.

ஊர் மண்டபத்தில் அதே ஆட்கள் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். இங்கே கட்சியில் இருப்பவர்களுக்கு அந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு மட்டும்தான்; கட்சி சேராதவர்கள் எந்தக் கட்சியின் சீட்டையும் கேட்டு வாங்கலாம். வாங்கியதும் அந்தக் கட்சிக்காரர். போகும்போது வாசலில் ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டால் பழையபடி விலகிக்கொள்ளலாம். டில்டன் தம்பதி வழக்கமாக அப்படித்தான்.

"லெட்டி எந்தக் கட்சின்னு உரக்கப் படிங்க நோரீன்," என்றார் எமெரி. "எல்லாரும் கேக்கட்டும்."

"மானத்த வாங்காதீங்க," என்றாள் லெட்டி.

குமாஸ்தா நோரீன் பட்டியலில் விரலை ஓட்டினாள். "லெட்டி டில்டன். எந்தக் கட்சியும் இல்ல."

லெட்டி ஹாலோவெல் கட்சிச் சீட்டை வாங்கிக்கொண்டு, திரும்பியும் பார்க்காமல் போனாள். எமெரிக்குப் போன உயிர் திரும்பியது.

"எனக்கும் அதே சீட்டு."

நோரீனின் விரல் அடுத்த வரியில் நின்றது.

"உங்களுக்குத் தர முடியாது எமெரி. போன தடவை, அவங்கள்ல ஹாலோவெல்கிட்ட தோக்குற ஆளாப் பாத்து ஜெயிக்க வைக்கிறேன்னு எதிர்க்கட்சிச் சீட்ட வாங்கிப் போட்டீங்க, போறப்ப அட்டையில கையெழுத்துப் போடல. எல்லாருக்கும் கேட்டுச்சா, இன்னும் உரக்கப் படிக்கவா?"