எண்ணெய் காயும் வரை

தான் செய்யாத ஒன்றைப் பற்றித்தான் மனிதன் அடுத்தவனுக்கு மிக விரிவாகப் புத்தி சொல்வான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் கைப்படச் செய்து, அடியில் கையெழுத்தும் போட்டுத் தெரிந்துகொண்டேன்.

அறுபதுகளில் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். வேலை நிரந்தரமாகவில்லை. அது ஆகாமல் கல்யாணமும் ஆகாது. மங்கலத்தில் எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா, தறிக்காரர், கறாராகச் சொல்லிவிட்டார்: "பையன் நல்ல பையன்தானுங்க. வேலை நிலையா நிக்கட்டுமுங்க, அப்பறம் தேதி குறிச்சுக்கலாம்." (பெண்ணை நான் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் காபி டம்ளரின் விளிம்புக்கு மேலாக. அதற்கே எனக்குச் சோறு இறங்கவில்லை.)

அந்தச் சமயத்தில் கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பின்னல் மெஷின் வந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் கொடுக்க ஹெல்முட் என்ற இன்ஜினியரும் வந்தார். சித்திரை மாதம். ரயிலை விட்டு இறங்கும்போதே மனிதர் முகம் பழுத்த தக்காளி. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, தொரை நம்மூட்டு மாடீலதான் தங்கறாரு. இந்த வெயிலுக்கு எப்படி இருக்கோணும், என்ன திங்கோணும்னு இங்கிலீசுல ஒரு காயிதம் அடிச்சுக் குடு. மெசினு ஓடற வரைக்கும் அந்தாளு நல்லா இருக்கோணும். ஓடிருச்சுன்னா உன்ற வேலையும் நெலையா நின்னுரும்."

வெள்ளைக்காரர் ஒருவரை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததே அன்றுதான். ஆனாலும், ஏதோ பத்துத் தலைமுறையாக ஜெர்மானியரை வளர்த்து ஆளாக்கிய குடும்பம் போல, ஒரே மூச்சில் பன்னிரண்டு விதிகளை அடித்துத் தள்ளினேன். ஷூ போடுமுன் மூன்று முறை தட்டவும், உள்ளே தேள் இருக்கலாம். சொம்பில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கவும். உச்சி வெயிலில் இளநீர் தவிர வேறொன்றையும் தேடி வெளியே போக வேண்டாம்.

ஹெல்முட் அதை மெஷினோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் போலப் படித்தார். பென்சிலால் கோடு போட்டார். ஆபீஸ் வாசலில் இரண்டு நிமிடம் கழற்றி வைத்த ஷூவைக்கூட எண்ணி மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் போட்டுக்கொண்டார். அண்ணாந்து குடித்ததில் மூன்று நாள் அவர் சட்டைதான் தண்ணீர் குடித்தது. நான்காம் நாள் பாதி வாய்க்குப் போயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வினை ஒன்பதாவது விதியில் இருந்தது. "வந்து ஒரு வாரம் ஆனபின், புதன், சனிக்கிழமைகளில் எண்ணெய்க் குளியல். உச்சி முதல் உள்ளங்கால் வரை விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு காலை வெயிலில் உட்காரவும். எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின் அரப்புத்தூள் போட்டுத் தேய்த்து வெந்நீரில் குளிக்கவும்."

விளக்கெண்ணெய் காயாது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டதும் பரண்மேல் ஏறிப் பதுங்கிய என்னைப் போன்றவனுக்கு மட்டும்தான் தெரியாது. "காய்ந்தபின்" என்று போட்டால் வாக்கியம் கம்பீரமாக இருந்தது, போட்டேன்.

பத்து நாளில் மெஷின் தயார். புதன்கிழமை பத்தரைக்கு மேல் நல்ல நேரம். பன்னிரண்டுக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் முதல் துணி இறங்க வேண்டும் என்பது முதலாளியின் பிடிவாதம். ஊரிலிருந்த பனியன் கம்பெனிக்காரர்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, மங்கலத்து மாமாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் புது வேட்டியில் விறைப்பாக நின்றேன். எல்லாம் இருந்தது, ஹெல்முட்டைத் தவிர.

"ஏப்பா, தொரை எங்க?" என்றார் முதலாளி. "போய்க் கூட்டியா. பன்னெண்டு தாண்டுச்சுன்னா நீ இந்தப் பக்கமே வந்துராத."

முதலாளி வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே அவர் மனைவி பிடித்துக்கொண்டார்.

"ஏந் தம்பி, காலைல ஏழு மணிக்கு மொட்டமாடிக்குப் போனவரு எறங்கவே இல்ல. இட்லி திங்கக் கூப்புட்டதுக்குக் காயிதத்தைக் காட்டிக் கையை ஆட்டிப்போட்டாரு. அவங்கூருப் பூசையாட்ட இருக்குதுன்னு நானும் உட்டுட்டேன்."

மாடியில் அரை நிஜாரோடு ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார் ஹெல்முட். பொரித்தெடுத்து எண்ணெய் வடியாத பஜ்ஜி போல மினுங்கினார். மடியில் ஒரு நோட்டு. கால்மணிக்கு ஒருதரம் தோளைத் தொட்டுப் பார்த்துக் குறித்திருந்தார்: ஏழே கால், காயவில்லை. ஏழரை, காயவில்லை. பத்தே கால் வரைக்கும் ஒரே பல்லவி.

"உங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்று நினைக்கிறேன்" என்றார் ஆங்கிலத்தில், கவலையோடு.

"போதும், வாருங்கள், குளிக்கலாம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். காகிதத்தில் விரல் வைத்துக் காட்டினார். காய்ந்தபின் என்றல்லவா இருக்கிறது? ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குப் போகிறவன் மெஷினை உடைப்பான் என்று எனக்கே பாடம் எடுத்தார். உடம்பும் மெஷின்தானாம். கெஞ்சினேன். அசையவில்லை. மணி பதினொன்று.

கடைசியில் பேனாவை எடுத்து "காய்ந்தபின்" என்பதை அடித்துவிட்டு "காயாவிட்டாலும்" என்று எழுதினேன். அவர் முகம் தெளிந்தது. ஆனால் எழவில்லை. விதியைத் திருத்தினால் திருத்தியவர் கையெழுத்து வேண்டுமாம். போட்டேன். என்ன காரணம் என்றும் எழுத வேண்டுமாம். வேறு வழியில்லாமல் எழுதினேன்: "எழுதியவனுக்கு இதில் அனுபவம் கிடையாது."

அதன்பிறகு அவர் எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. இரண்டு அண்டா வெந்நீர், ஒரு படி அரப்பு. பாதி அரப்பு கண்ணுக்குள் போயிற்று, மீதி பச்சைப்பசேலென்று தலைமுடியிலேயே நின்றுவிட்டது. எண்ணெய் மட்டும் போகவில்லை. பதினொன்றே முக்காலுக்கு, செவ்வுடம்பும் பச்சைத்தலையுமாக ஒரு ஜெர்மானியரைக் குதிரை வண்டியில் வைத்துக் கம்பெனியில் கொண்டு இறக்கினேன். கூட்டம் எழுந்து நின்றது. மரியாதையா, பயமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஸ்பேனரைப் பிடித்தார், வழுக்கியது. மறுபடி பிடித்தார், அது பறந்து போய்ப் பூசைத் தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. இனி யோசிக்க நேரமில்லை. என் புது வேட்டியின் முனையைத் தூக்கி அவர் கையை அழுத்தித் துடைத்தேன். (மாமா பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டிக்குள் கோடு போட்ட அண்டர்வேர் என்பதும் சபைக்குத் தெரிந்தது.) பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது மெஷின் சடசடவென்று ஓடியது. துணி இறங்கியது. வெள்ளை வெளேரென்ற முதல் துணியில் ஹெல்முட்டின் ஐந்து விரலும் எண்ணெயாகப் பதிந்திருந்தன.

முதலாளி துணியைப் பார்த்தார், துரையைப் பார்த்தார். "என்னப்பா இது?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் ஹெல்முட் மகிழ்ச்சியோடு காகிதத்தை எடுத்து நீட்டினார். தன் உடம்பு இவ்வளவு குளிர்ந்ததே இல்லை என்றும், எல்லாப் புகழும் இந்த இளைஞனுக்கே என்றும் சொன்னார். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அதை வாங்கி, ஒன்பதாம் விதியையும் என் கைத்திருத்தத்தையும் தமிழில் உரக்கப் படித்தார். "எழுதியவனுக்கு அனுபவம் கிடையாது" என்ற இடத்தில் சபை குலுங்கியது.

நான் மங்கலத்து மாமாவின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. அவர் குரல்தான் கேட்டது.

"ஏனுங்க முதலாளி, தப்புப் பண்றவன் ஊருல ஏகப்பட்ட பேருங்க. தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவனை இன்னைக்குத்தான் பாக்கறனுங்க. நீங்க வேலையைப் போட்டுக் குடுத்தீங்கன்னா நான் பொண்ணைக் குடுத்தர்றனுங்க."

முதலாளி சிரித்துவிட்டார். "வேலை குடுக்கறனுங்க. காயிதம் அடிக்கற வேலை மட்டும் குடுக்க மாட்டன். நாளையில இருந்து இவன் துணி பேல் கட்டற பக்கம் நிக்கட்டும்."

இத்தனை அமர்க்களத்திலும் ஹெல்முட் மட்டும் மெஷினைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். துரைக்குத்தான் எவ்வளவு பக்தி என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குத்தான் விஷயம் தெரியும். பத்தாவது விதி: எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது.

அந்த முதல் துணியில் ஒரு பனியன் தைத்துக் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்தார் முதலாளி. ஐந்து விரல் கறை எத்தனை வெளுப்புக்கும் போகவில்லை. யாரோ முதுகில் தட்டிக்கொடுத்தது போலவே கடைசிவரை இருந்தது.

போன மாதம் மகள் வயிற்றுப் பேரன் வேலைக்காக ஜெர்மனி கிளம்பினான். "அங்கே குளிர் காலத்தில் என்ன செய்யணும்னா..." என்று நான் ஆரம்பித்தேன். (நான் ஊட்டியையே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.) சமையல்கட்டிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"கண்ணு, அப்புச்சி சொல்றதை எழுதி வாங்கிக்க. அடீல கையெழுத்தும் வாங்கிக்க."