பங்கசு அக்காவின் அலுமாரி

பூஞ்சணத்துக்குத் தாலாட்டுப் பாடி நித்திரையாக்கும் ஒரே மனிதப் பிறவி இந்த உலகத்தில் எங்கள் பங்கசு அக்காதான். பங்கசு என்றாலும் பூஞ்சணம்தான், அது நாங்கள் வைத்த பட்டம். மன்னாரில் நாங்கள் வேலைசெய்த விவசாய ஆய்வுகூடத்தில், பயிருக்கு நன்மை செய்யும் பூஞ்சணங்களை வருடக்கணக்காக உயிரோடு காப்பதுதான் எங்கள் இருவருக்கும் உத்தியோகம். நான் காத்தவை செத்தன. அவர் காத்தவை சாக மறுத்தன. எனக்கு வயிறு எரிந்தது.

என்னிடம் பெரிய உறைகுளிர்ப் பெட்டி இருந்தது. அவரிடம் ஒரு மர அலுமாரியும் குட்டிப் போத்தல்களும்தான். கிருமி போக்கிய தண்ணீரைப் போத்தலில் விட்டு, பூஞ்சணம் படர்ந்த ஜெலித் துண்டொன்றைப் போட்டு இறுக்கி மூடுவார். பிறகு அலுமாரிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்துவார்.

"கதைக்காதேங்கோ தம்பி, இப்பதான் கண்ணயர்ந்ததுகள்."

"அக்கா, அதுகளுக்குக் காது இல்லை."

"உங்களுக்கு இருக்குத்தானே? என்ன பிரயோசனம்?"

மேலதிகாரிகள் வந்தால் என் பெட்டியைத் தாண்டி நேரே அந்த அலுமாரிக்குத்தான் போவார்கள். பொறுக்கமுடியாமல், அவருடைய ஒரு போத்தலாவது கெட்டுப்போகட்டும் என்று மடுமாதாவிடம் நேர்ந்தேன்.

மாதா கேட்டருளினார், ஆளை மட்டும் மாற்றிக்கொண்டார். மடுத் திருவிழாவுக்கு எல்லோரும் போனபோது புதுக் காவலாளி, சொந்த வீட்டைப் பூட்டுவதுபோல, மெயின் சுவிச்சையும் அணைத்துவிட்டு வந்து எங்களோடு பஸ் ஏறினார். திரும்பிவந்தபோது என் பெட்டியிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குள்தான் என் கொண்டச்சிப் பூஞ்சணம் இருந்தது. நெல் வேர் அழுகலைத் தடுக்கும் என்று நானே கொண்டச்சி ஊர் மண்ணிலிருந்து பிரித்தெடுத்தது. அடுத்த போகம் நானாட்டான் வயலில் பரீட்சிக்க இருந்தோம். என் பெயர் சொல்ல எனக்கிருந்த ஒரே சாமான் அது. தட்டுத் தட்டாக வளர்த்துப் பார்த்தேன், ஒன்றும் முளைக்கவில்லை. தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டேன்.

அக்கா அலுமாரியைத் திறந்து ஒரு போத்தலை என் முன்னால் வைத்தார்.

"இந்தாங்கோ, உங்கட கொண்டச்சிப் பிள்ளை."

"எப்ப எடுத்தனீங்கள்?"

"நீங்கள் சாப்பிடப் போகேக்கை. கேட்டிருந்தாத் தந்திருப்பீங்களோ?"

தந்திருக்கமாட்டேன்.

அந்தப் பூஞ்சணம் தட்டில் பச்சைப் பசேலென்று படர்ந்தது. என்னிடம் இருந்த காலத்தில் ஒருநாளும் அவ்வளவு செழிப்பாக வளர்ந்ததில்லை. அதற்கும் எரிந்தது.

அக்கா போன வருடம் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அலுமாரியை என்னிடம் விட்டுவிட்டுத்தான் போனார். அதன் கதவை நானும் இப்போது மெதுவாகத்தான் சாத்துகிறேன். ஆனால் வவுனியாவில், அவருக்குப் பக்கத்துக் கதிரையில் ஒருவர் இருப்பாரே, அவரை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.