எர்த்து பாயின் புறங்கை

புதுச்சேரியில் பயத்தை மொத்தமாகக் கொள்முதல் செய்து, வீடு வீடாகச் சில்லறையில் விநியோகித்த ஒரே மனிதர் எங்கள் எர்த்து பாய்தான். அவர் வந்துவிட்டுப் போன வீட்டில் ஒரு வாரத்துக்கு யாரும் மிக்ஸியைத் தொட மாட்டார்கள். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் ஒரு பாட்டியம்மா, அவர் பேச்சைக் கேட்டுவிட்டு டார்ச் லைட்டைக்கூடச் செருப்பு போட்டுக்கொண்டுதான் அடித்தார்.

நாற்பது வருஷத்துக்கு மேலாக வயர்மேன். நிஜப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாயா, சௌக்கியமா என்றெல்லாம் கேட்க மாட்டார். "வீட்ல எர்த்து சரியா இருக்கா?" என்பார். அதனால் அந்தப் பெயர்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிடிப்பார். ஷாக் அடித்தால் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளுமாம். உள்ளங்கையால் பிடித்திருந்தால் கை அங்கேயே ஒட்டிக்கொள்ளும், புறங்கை என்றால் விலகி வந்துவிடும். வயர்மேன்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, ஆனால் மற்றவர்கள் சுவிட்ச் போர்டோடு நிறுத்திக்கொள்வார்கள். பாய்க்கு அந்த எல்லையெல்லாம் கிடையாது. கேட், ஃப்ரிட்ஜ், பஸ் கம்பி, பாங்க் கவுன்ட்டர், எல்லாவற்றுக்கும் புறங்கைதான். ஒரு கல்யாண ரிசப்ஷனில் மேடையேறி மாப்பிள்ளையையே புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியான பிறகு கை குலுக்கினார்.

"என்ன பாய் இது?" என்று கேட்டேன்.

"மேடைல அம்மாம் சீரியல் லைட்டு சுத்தி வெச்சிருக்கான் சார். மாப்ளைக்கு லீக் ஆயிருந்தா?"

இப்படிப்பட்ட மனிதரின் கையெழுத்தில் என் நிம்மதி மாட்டிக்கொள்ளும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மொட்டை மாடியில் சோலார் தகடு போட்டால் அரசாங்கம் மானியம் தருகிறது என்ற செய்தி எங்கள் தெருவுக்கு வந்தது. நாம் செலவழித்தது போக மிச்சக் கரண்ட்டை லைனுக்கே திருப்பிக் கொடுக்கலாம், போவதையும் வருவதையும் புது மீட்டர் ஒன்று கணக்கு வைத்துக்கொள்ளும் என்றார்கள். நான் கணக்கு வாத்தியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மூன்று பக்கத்துக்குப் போட்டு என் மனைவி விஜியிடம் காட்டினேன். மூன்று பக்கத்தையும் படித்துவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மானியம் வரலேன்னா?"

"வரும்."

"வரலேன்னா?"

நான் நாலாவது பக்கம் எடுத்தேன். பாங்க்கில் கடன் வாங்கித் தகடு போடுகிறோம், மானியம் வந்தால்தான் அந்தக் கடனில் பெரும்பகுதி அடையும். அதற்கும் ஒரு கெடு வைத்திருந்தார்கள். தகடு மாட்டி, வயர்மேன் கையெழுத்துப் போட்ட அறிக்கையையும், தகட்டுக்குப் பக்கத்தில் நான் நிற்கும் போட்டோவையும் மாதக் கடைசிக்குள் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் அனுமதி காலாவதி. மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும், அதற்குள் திட்டமே இருக்குமோ இருக்காதோ. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

தகடு போடும் கம்பெனிக்காரர் தவளக்குப்பத்து இளைஞர். கையில் இரண்டு போன், வாயில் ஒரே வாக்கியம்: "பத்து நாள்ல முடிச்சுர்லாம் சார்." சொன்னபடி தகடு ஒன்பதாம் நாள் மாடியேறிவிட்டது. ஆனால் கம்பெனியின் வயர்மேன் லைசென்ஸ் எர்த்து பாயின் பெயரில் இருந்தது.

பாய் கேட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். தோட்டம் என்று நாங்கள் மரியாதைக்குச் சொல்லிக்கொள்ளும் நாலடி மண்ணைப் பார்த்தார்.

"இங்க மூணு குழி வெட்டணும்."

விஜிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வீட்ல நாங்க ரெண்டு பேர்தானே பாய் இருக்கோம்? மூணாவது யாருக்கு?"

"இடிக்கும்மா" என்றார் பாய், சிரிக்காமல். "ஒண்ணு தகட்டுக்கு, ஒண்ணு வூட்டு லைனுக்கு, ஒண்ணு இடி வுழுந்தா மண்ணுக்குள்ள எறங்குறதுக்கு."

விஜியின் கறிவேப்பிலைச் செடி தொட்டிக்குக் குடிபெயர்ந்தது. குழி வெட்டி, கம்பி இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடினார்கள். கரண்ட்டை மண் எவ்வளவு தடுக்கிறது என்று பாய் ஒரு மீட்டரை வைத்து அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"நாலு காட்டுது. எனக்கு ரெண்டுக்குக் கீழ வரணும்."

"பாய், ரூல்ஸ்ல அஞ்சு வரைக்கும் ஓகே!" என்று கம்பெனிக்காரர் கெஞ்சினார்.

"ரூல்ஸ் எழுதுனவன் இந்த வூட்லயா குடியிருக்கான்?"

மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக்குழாயில் குடத்தை நிரப்பி மூன்று குழிக்கும் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். மண் ஈரமாக இருந்தால்தான் மீட்டர் இறங்குமாம். எதிர்வீட்டு அம்மாள் இதை மூன்று நாள் பார்த்துவிட்டு, "என்ன வேண்டுதல்?" என்று விஜியிடம் ரகசியமாகக் கேட்டாள். மீட்டர் மூன்றரைக்கு வந்தது. பிறகு மூன்று. அங்கேயே சட்டமாக உட்கார்ந்துகொண்டது. காலண்டர் மட்டும் நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் பாய் எனக்குப் பாடம் நடத்துவார். "கெவுனமா கேளுங்க சார். தெருவுல கரண்ட் போனா, இந்தத் தகடும் தானா நின்னுரும். ஏன்னா..." நான் தலையாட்டுவேன். என் மனசெல்லாம் மாதக் கடைசியில் இருந்தது. என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன்கள் எப்படித் தலையாட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதே தலையாட்டல்தான்.

அந்தப் பக்கம் எங்கள் ஏரியா லைன்மேன் சேகர் பைக்கில் போவான். பாய் விடமாட்டார்.

"டேய் சேகரு, கிளவுஸ் எங்கடா?"

"பாக்கெட்ல இருக்கு பாய்."

"கரண்ட்டு உன் பாக்கெட்டையாடா தொடுது?"

கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது நான் வெடித்துவிட்டேன். "உங்க பயத்துக்கு என் மானியம்தான் கெடைச்சுதா பாய்? கையெழுத்துப் போடுங்க, இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்!" தெருவுக்கே கேட்டிருக்கும். பாய் மூன்றாவது குழிக்கு இன்னும் ஊற்றவில்லை, அதை ஊற்றி முடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் குடத்தோடு வந்து நின்றார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கெடுவுக்கு முந்தைய நாள் மீட்டர் ஒன்றே முக்கால் காட்டியது. கடைசி நாள் காலையில் கையெழுத்துப் போட வருகிறேன் என்றார். வந்தார். கூடவே புயலும் வந்தது.

அடிக்கிற காற்றில், குடையோடு, தகட்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். படத்தில், தகட்டிடம் துக்கம் விசாரிக்க வந்தவன் போல விழுந்திருந்தேன். பாய் அறிக்கையை நாலு முறை படித்து, பேனாவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தெரு முனையில் வேப்பங்கிளை ஒன்று லைன் மேல் விழுந்தது. கரண்ட் போய்விட்டது.

விஜி மாடியை அண்ணாந்து பார்த்தாள். "மாடி பூரா தகடு இருக்கே, கரண்ட் எங்கங்க?"

பாய்க்கு போன் போட்டேன். "நாந்தான் டெய்லி சொன்னேனே சார். தெருவுல கரண்ட் இல்லேன்னா அதுவும் நின்னுரும். நம்ம தகட்டுக் கரண்ட்டு லைன்ல போனா, கம்பத்துல ஏறுறவன் செத்துருவான்ல?"

தவளக்குப்பத்து ஆபீசிலும் கரண்ட் இல்லை. போனில் ஏற்றலாம் என்றால் இணையதளம் அந்த ஃபைலை வாங்க மாட்டேன் என்றது, சார்ஜும் உயிரை விட்டுக்கொண்டிருந்தது. மணி இரண்டு. மாலை ஐந்தோடு சரி. கோரிமேட்டில் என் மச்சினன் பந்தல் கான்ட்ராக்ட் எடுக்கிறவன். அவனிடம் கெஞ்சி, மூணு சக்கர வண்டியில் ஒரு ஜெனரேட்டரை வரவழைத்தேன். அதோடு ஒரு வயரும் வந்தது, இரண்டு முனையிலும் பிளக். ஒரு முனையை ஜெனரேட்டரில் செருகி, மறுமுனையைச் சமையலறைச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் செருகினால் வீடு முழுக்கக் கரண்ட் வந்துவிடும். கல்யாண வீடுகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு மட்டும் தனியாகக் கொடுத்திருக்கலாம். தொட்டியில் தண்ணீர் இல்லை, மோட்டாரும் ஓடட்டுமே என்று ஆசைப்பட்டேன்.

ஜெனரேட்டர் உறுமியது. ஃபேன் சுற்றியது. அறிக்கை பாதி ஏறியிருந்தது. அப்போது பாய் விஜிக்கு போன் செய்தார், என்ன ஆயிற்று என்று கேட்க.

"இனிமே பிரச்சினை இல்ல பாய், ஜெனரேட்டர் வந்துடுச்சு" என்றாள் விஜி.

"மெயினை ஆஃப் பண்ணிட்டாராம்மா?"

"மெயினா?"

போன் வைக்கப்பட்டது. அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. அறுபத்தைந்து வயதில், முழங்கால் தண்ணீரில், அவர் எப்படி ஓடி வந்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தது ஒன்றே ஒன்று. எங்கள் இரும்பு கேட்டை இரண்டு உள்ளங்கைகளாலும் தள்ளித் திறந்தார். தொட்டுப் பார்க்கவில்லை.

நேராகப் போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். கம்ப்யூட்டர் அணைந்தது. "பாய், என் மானியம்!" என்று நான் கத்தினேன். அவர் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்து அலறினார்.

"சேகரு! தொடாதடா! எறங்கு!"

தெரு முனையில் ஏணி மேல் சேகர் நின்றிருந்தான். டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, லைனில் கரண்ட் இல்லை என்ற தைரியத்தில், அறுந்த வயரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். கிளவுஸ் பாக்கெட்டில். கைக்கும் வயருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. நான் மெயினை அணைக்காததால் வீட்டுக் கரண்ட் தெரு லைனுக்கும் போயிருந்தது. அந்த வயரில் ஒரு நிமிஷம் முன்புவரை இருந்தது என் ஜெனரேட்டர் கரண்ட்.

சேகர் கையை இழுத்துக்கொண்டு இறங்கினான். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பாயும் பக்கத்தில் உட்கார்ந்தார். விஜி கொடுத்த டீயை வாங்கிப் படியில் வைத்தார்.

"இருபத்தி மூணு வயசுல நானும் இப்டித்தான் சார் செருகுனேன். கல்யாண வூடு. பொண்ணு அழைச்சிட்டு வர்ற நேரம், கரண்ட் போச்சு. மெயினைப் பாக்கல. கம்பத்துல ஒருத்தன் இருந்தான்." டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "உசுரு தப்பிச்சுட்டான். சோத்துக் கை போச்சு. நோன்புப் பெருநாளைக்கு வருஷா வருஷம் பிரியாணி எடுத்துக்கினு போறேன். எடது கையால வாங்கிக்குவான். ஒரு வார்த்தை திட்ட மாட்டான் சார்."

திட்டியிருந்தால் பாய்க்குக் கொஞ்சம் பயம் தெளிந்திருக்குமோ என்னவோ.

அன்று அறிக்கை ஏறவில்லை. மணி ஐந்து ஆனது. விஜி சேகருக்குத் தலை துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் பேப்பரில், மழை காரணமாகக் கெடுவைப் பதினைந்து நாள் நீட்டியிருப்பதாகப் போட்டிருந்தான். எந்தக் கெடுவுக்காக நான் ஒரு மனிதனைக் கொல்லப் பார்த்தேனோ, அந்தக் கெடு அவ்வளவு சுலபமாக நகர்ந்துகொண்டது. மானியமும் வந்தது.

பாய் இப்போது காரைக்காலில் மகள் வீட்டில் இருக்கிறார். குழிகளுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். வெயில் ஏறினால் போன் வந்துவிடும்: "ஊத்துனீங்களா சார்?" ஊற்றிவிட்டுத்தான் போனையே எடுப்பேன், அங்கே அந்த மனுஷன் கவலைப்படக் கூடாது.

அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். பஸ் கம்பியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து ஏறினார். சீட்டை, ஜன்னலைத் தொட்டுப் பார்த்தார். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். நான் பழக்கதோஷத்தில், முதலில் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன். அவர் நேராக என் கையைப் பிடித்துக்கொண்டார்.